வாசகர் கேள்வி: இரவுப் பதிவேட்டில் எதை எழுதுவது?

கேள்வி: கோத்தகிரிப் பகுதியில் பெண் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக இல்லத்தாயாக இருக்கிறேன். சென்ற ஜூன் மாதம் என்னை மூத்த இல்லத்தாய் ஆக்கினார்கள். டூட்டிப் பட்டியல் போடுவது, பதிவேடுகளைச் சரிபார்ப்பது, புதிதாக வருபவர்களுக்கு வேலை பழக்குவது எல்லாம் இப்போது என் பொறுப்பு. சம்பளம் பெரிதாகக் கூடவில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கா ஒருவர் இப்போது எனக்குக் கீழே இருக்கிறார். நான் எது சொன்னாலும் "சரிங்க மேடம்" என்று குத்தலாகச் சொல்லிவிட்டுத் தன் போக்கில் செய்கிறார். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வாரத்தில் மூன்று நான்கு நாள் படுக்கையை நனைக்கிறாள். அக்கா அவளை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி, பின்கட்டுத் தொட்டியில் அவளையே துவைக்க வைக்கிறார். "தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவரை இவள் இப்படி இல்லை, இப்போது திமிர்" என்கிறார். கண்காணிப்பாளரிடம் சொன்னேன். "ஆய்வுக்கு வரும் நேரம், பதிவேட்டில் ஏற்றிவிடாதீர்கள், வாயால் சொல்லித் திருத்துங்கள்" என்றார். முன்பு என் மடியில் படுத்திருந்த பிள்ளைகள் இப்போது "பெரிய மிஸ் வர்றாங்க" என்று கலைந்து போகிறார்கள். இரவில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர்தான். பழைய வேலைக்கே திரும்பிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பதவி, அக்கா, சிறுமி, கண்காணிப்பாளர் என்ற வரிசையில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் சிறுமியிடமிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும் ஒரு மாதம் ஆற அமரப் பேசிக்கொள்ளலாம். அவள் நாளைக் காலை ஐந்து மணிக்கும் அந்தத் தொட்டியருகே நிற்பாளா என்பதை இன்று இரவே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், மார்கழிக் குளிரில், விடிவதற்கு முன் தொட்டித் தண்ணீரில் கை வைப்பது என்னவென்று சமவெளி வாசகர்களுக்கு விளக்க வேண்டியிருக்கலாம், உங்களுக்கு வேண்டியதில்லை. நனைந்த கம்பளியை நீங்களே பிழிந்து பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினால்தான் அதில் நீர் வடியும். ஒன்பது வயதுக் குழந்தையால் அதைத் தொட்டியிலிருந்து தூக்கவே முடியாது. ஆகவே அவள் அதைத் துவைக்கவில்லை. அதன் முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள், மற்றப் பிள்ளைகள் பல் துலக்க வரும் வரையில். அக்கா கொடுக்கும் தண்டனை குளிரோடு முடிவதில்லை. பிள்ளைகள் வந்து பார்க்கிறார்களே, அதுதான் அதில் பெரும்பகுதி.

இதை நிறுத்துவதற்கு நீங்கள் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம். இன்று இரவு டூட்டி யாருடையதாக இருந்தாலும், நனைந்த விரிப்பைப் பெரியவர் ஒருவரே எடுத்துப் போட வேண்டும், குழந்தைக்கு வெந்நீரும் உலர்ந்த உடையும் கொடுத்து மறுபடி படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மூத்த இல்லத்தாய் என்ற பெயருக்கு அந்த அளவு அதிகாரம் உண்டு. இல்லையென்று யாராவது சொன்னால் சட்டத்துக்கு உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஒழுங்குபடுத்துவதற்காக என்று சொல்லிக்கொண்டு குழந்தைக்கு வேண்டுமென்றே உடல்வலி தருவதைத் தண்டனைக்குரிய குற்றமாக 82ஆம் பிரிவில் வைத்திருக்கிறது: இல்லத்தின் பணியாளர் முதல்முறை குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டால் 10,000 ரூபாய் அபராதம், மறுமுறை மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. தேவையற்ற உடல் துன்பத்தையோ மனத் துன்பத்தையோ விளைவிக்கும் கொடுமையைப் பற்றிப் பேசும் 75ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. குழந்தையின் பராமரிப்பு ஒப்படைக்கப்பட்ட நிறுவனத்தில் வேலை செய்பவர் அதைச் செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அக்காவை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. "பழக்கப்படுத்துகிறேன்" என்று அவர் நினைத்துச் செய்யும் காரியத்துக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பதை உங்கள் இல்லத்தில் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் அக்காவின் குத்தல் பேச்சாக மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோன வரிக்கு வருகிறேன். "தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவரை இவள் இப்படி இல்லை." அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். முழுக் கடிதத்திலும் மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் (கவுன்சிலர்) தேடக்கூடிய தகவல் அது ஒன்றுதான். அதைக் கவனித்தவரும் அந்த அக்காதான்.

ஐந்து வயது வரை படுக்கையை நனைப்பதை மருத்துவம் நோயாகவே எண்ணுவதில்லை. அதற்குப் பிறகும் நனைக்கும் குழந்தைகள் எல்லா வீடுகளிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கமும் குடும்ப வாகுமே காரணம், வளர வளர நின்றுவிடும். ஆனால் குறைந்தது ஆறு மாதமாவது உலர்ந்த படுக்கையில் உறங்கிய குழந்தை திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினால் அது வேறு கதை. சிறுநீர்த் தொற்று, நாள்பட்ட மலச்சிக்கல், சர்க்கரை நோய் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் மனத்தைப் பாதித்த நிகழ்வு ஏதேனும் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: வீட்டில் சண்டை, ஒரு சாவு, திரும்ப இல்லத்துக்கு அனுப்பப்பட்ட ஏமாற்றம், அல்லது சொல்ல வாய் வராத ஏதோ ஒன்று. எது என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது. திமிர் அல்ல என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். உறங்கும் குழந்தைக்குத் திமிர் கிடையாது.

அவளிடம் யார் கேட்பது என்பதில் கவனமாக இருங்கள். அக்கா ஒருமுறை, நீங்கள் ஒருமுறை, கண்காணிப்பாளர் ஒருமுறை என்று மாறி மாறி "ஊரில் என்னடி நடந்தது" என்று கேட்டால், ஒன்று அவள் வாயை மூடிக்கொள்வாள், இல்லையென்றால் கேட்பவர் எதிர்பார்ப்பதைச் சொல்லக் கற்றுக்கொள்வாள். உங்கள் இல்லத்தின் ஆற்றுப்படுத்துநரோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வருபவரோ, பழக்கப்பட்ட ஒருவர் மட்டும் பேசட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அவள் தானாக ஏதாவது சொல்ல வந்தால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேட்பது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் குற்றம் நடந்ததாக அறியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில் சொல்கிறது. தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது தனிக் குற்றம். "உன்னைப் பாதுகாக்க யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடுவேன்" என்பதே நாம் காப்பாற்றக்கூடிய வாக்கு.

அதுவரை இல்லத்துக்குள் உங்கள் கைக்கு எட்டிய சில காரியங்கள் உண்டு. கழிவறை படுக்கைக் கூடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று இரவு இரண்டு மணிக்கு நீங்களே நடந்து பாருங்கள், பகலில் அல்ல. நம் பக்கத்துப் பழைய கட்டடங்களில் கழிவறை வெளிவராந்தாவின் கோடியில் இருக்கும். மூடுபனி வராந்தாவுக்குள்ளேயே வந்து நிற்கும். விளக்கின் சுவிட்சு பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். காட்டெருமை தேயிலைக் காட்டிலிருந்து முற்றம் வரை வந்துபோகும் ஊரில், அந்த வராந்தாவைக் கடக்க அஞ்சிப் படுக்கையிலேயே அடக்கிக்கொண்டு கிடந்து பின் உறங்கிவிடும் குழந்தைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரவு முழுவதும் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். அவள் படுக்கையைக் கதவருகே மாற்றுங்கள். ஆனால் அவளுடையதை மட்டும் மாற்றினால் அதுவே ஒரு முத்திரையாகிவிடும் என்பதால் நான்கைந்து பேருடையதைச் சேர்த்து மாற்றுங்கள்.

மாலைத் தேநீரைப் பற்றியும் ஒரு சொல். தேயிலை விளையும் ஊரில் குழந்தைக்குத் தேநீர் வேண்டாம் என்று சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் தோன்றும். ஆனாலும் ஆறு ஏழு மணிக்குக் குளிருக்காகக் கொடுக்கும் ஒரு டம்ளர் தேநீர் சிறுநீரைத் தூண்டும். அவளுக்கு மட்டும் நிறுத்தாதீர்கள். சின்னப் பிள்ளைகள் எல்லோருக்குமே மாலையில் பாலோ சுக்குத் தண்ணீரோ என்று ஆக்கிவிடுங்கள். பகலில் தண்ணீரைக் குறைக்கக் கூடாது, நன்றாகக் குடிக்கட்டும். படுப்பதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் அளவாகக் கொடுங்கள். பத்து மணிக்கு எழுப்பிக் கழிவறைக்கு அழைத்துப்போவது அன்றைய விரிப்பைக் காப்பாற்றும், அவ்வளவே. பழக்கம் மாறிவிடும் என்று நம்பி, மாறாதபோது அவளைக் கோபிக்காதீர்கள்.

விரிப்பு எங்கே உலர்கிறது என்பதையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கோத்தகிரியில் துணி மூன்று நாளானாலும் உலராது. அடுப்படிச் சுவரை ஒட்டிக் கொடி கட்டி, புகை மணத்தோடு எடுத்து மடிப்பதுதான் வழக்கம். முன்முற்றத்துக் கொடியில் தினமும் ஒரே விரிப்பு தொங்கினால் அது யாருடையது என்பது முப்பத்திரண்டு பேருக்கும் தெரியும். பிறந்தநாள் கேக்கோடும் கைபேசிக் கேமராவோடும் வருகிற சீசன் விருந்தாளிக்கும் தெரிந்துவிடும். (அந்தப் படங்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதை வாசல் பலகையில் எழுதி வைத்தாலும் தகும்.) ஆறு உபரி விரிப்புகளும் இரண்டு ரப்பர் விரிப்புகளும் கேட்டு வாங்கி, இரவில் சாவி தேடாமல் எடுக்கும்படி ஓர் அலமாரித் தட்டில் வையுங்கள். இரவில் ஒருவர் முப்பத்திரண்டு பேரைப் பார்க்கிறார் என்றால், உலர்ந்த விரிப்பு கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதும் இல்லாததுமே சில சமயம் அந்தப் பணியாளர் பொறுமையாக இருப்பாரா கத்துவாரா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

இப்போது பதிவேடு. இதில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், கூடலூர்ப் பக்கம் சிறுவர்களுக்கான ஓர் இல்லத்தில் எனக்கு உங்களுடையதைப் போன்ற பொறுப்பு. பதினொரு வயதுப் பையன் ஒருவன் படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். "சோம்பல், எழுந்து போவதில்லை" என்று நானே என் கையால் எழுதினேன். அதே பதிவேட்டில் வேறொரு நாள் பகல் டூட்டியில் இருந்தவர் "தண்ணீர் அதிகம் கேட்கிறான்" என்று எழுதியிருந்தார். சமையல் அம்மா "நன்றாகச் சாப்பிடுகிறான், உடம்பு ஏறவில்லை" என்று சொன்னதைப் புதிதாக வந்த ஒரு பெண் குறித்திருந்தாள். விளையாட்டுக்கு வரவில்லை, படுத்தே இருக்கிறான் என்று இன்னொருவர். மூன்று வாரங்களில் நான்கு கையெழுத்துகள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதல்ல. சேர்த்துப் படித்திருந்தால், படிப்பறிவு கொஞ்சம் உள்ள யாருக்கும் சர்க்கரை நோய் என்ற சந்தேகம் வந்திருக்கும். யாரும் சேர்த்துப் படிக்கவில்லை; சேர்த்துப் படிக்கச் சம்பளம் வாங்கியவன் நான். ஒரு நாள் காலை அவன் மூச்சு வாங்கிக்கொண்டு அரை மயக்கத்தில் கிடந்தான். நடுவட்டம் மலைப்பாதையில் ஏறி, ஊட்டி வழியாகக் கோயம்புத்தூர் வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பதில்லை. முப்பது நாள் பின்னே போய்ப் படிக்கிறேன்.

உங்கள் புதிய பதவியின் சாரம் என்று நான் நினைப்பது இதைத்தான். டூட்டியில் இருப்பவருக்கு அவருடைய இரவு தெரியும். அவர் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கப் போனதும் அது அவரோடு போய்விடுகிறது. எல்லா இரவுகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, குழந்தை வாரியாகப் பிரித்துப் பார்க்கும் ஒருவர் இல்லத்துக்கு வேண்டும். டூட்டிப் பட்டியல் போடுவதை யாரும் கற்றுக்கொண்டு செய்யலாம். இதை உங்களைப் போல் ஒன்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு உறங்கி எழுந்தவரால்தான் செய்ய முடியும்.

எழுதும் முறையைப் பணியாளர்களுக்குப் பழக்குங்கள். "எல்லாக் குழந்தைகளும் நலம். ஒரு குழந்தை வழக்கம்போல் தொல்லை" என்பது பதிவு அல்ல. அது கையெழுத்துப் போடுவதற்கு முன் வருகிற பெருமூச்சு. இப்படி எழுதச் சொல்லுங்கள்: "காலை 4.50. படுக்கை நனைந்திருந்தது. இந்த வாரத்தில் மூன்றாவது முறை. எழுப்பியதும் அழுதாள். 'வெளியே போகப் பயமா இருக்கு' என்றாள். உடை மாற்றி, உலர்ந்த விரிப்புக் கொடுத்தேன். 5.15க்கு உறங்கினாள்." நேரம், கண்ணால் கண்டது, குழந்தை சொன்ன சொல் அப்படியே, தான் செய்தது. பணியாளரின் அபிப்பிராயத்துக்கு அதில் இடம் இல்லை; "பிடிவாதம்", "நடிக்கிறாள்", "திமிர்" ஆகிய மூன்று சொற்களைப் பதிவேட்டிலிருந்து ஒழித்துவிட்டாலே பாதி வேலை முடியும். குடும்பம், உடல்நலம் பற்றிய அந்தரங்கமான குறிப்புகள் எல்லோர் கையிலும் புரளும் இரவுப் பதிவேட்டில் வேண்டாம். அவை குழந்தையின் தனிக் கோப்புக்குப் போகட்டும், பதிவேட்டில் "கோப்பில் காண்க" என்ற குறிப்பு போதும். சட்டப்படி ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும். அதைப் புதுப்பிக்கும்போது ஆதாரமாக இருக்கப்போவது இந்த நான்கு வரிகள்தான். விடுமுறைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் ஏழு இரவுகளைத் தனியாகக் குறித்து வைக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்துங்கள். உங்கள் இல்லத்தில் அது இருந்திருந்தால், தீபாவளி முடிந்த அடுத்த வாரமே அந்தச் சிறுமியின் பெயர் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

கண்காணிப்பாளர் சொன்னதை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். ஆய்வுக்கு வருபவர்களைக் கண்டு அவர் அஞ்சுவதில் வியப்பில்லை. பதிவு, மானியம், நிர்வாகக் குழு என்று அவர் தலையில் வேறு சுமைகள் இருக்கின்றன. ஆனால் அவர் கணக்குத் தப்பு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட குழுக்களோடு நானும் போயிருக்கிறேன். முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டின் பதிவேட்டில் மூன்று மாதமாக ஒரு காய்ச்சல், ஒரு சண்டை, ஓர் ஈர விரிப்புக்கூட இல்லையென்றால், அந்தப் பதிவேடு ஒரே நாளில் ஒரே பேனாவால் எழுதப்பட்டது என்றுதான் முதலில் நினைப்போம். பிறகு பிள்ளைகளிடம் பேசுவோம். அவர்கள் சொல்லிவிடுவார்கள். தவறு நடந்தது, கண்டோம், இன்ன தேதியில் நிறுத்தினோம், மருத்துவரிடம் காட்டினோம் என்று எழுதியிருக்கும் இல்லத்தைக் குறை கூற யாரும் அவசரப்பட மாட்டார்கள். மறைத்த இல்லத்தை நம்ப ஆளிருக்காது. உடல் தண்டனை பற்றிய விசாரணைக்கு ஒத்துழைக்காத நிர்வாகத்தின் பொறுப்பாளருக்கும் அதே 82ஆம் பிரிவில் தனித் தண்டனை இருக்கிறது என்பதை அவருக்கு நினைவூட்டலாம்.

நினைவூட்டும்போது எதிர்த்து நிற்கும் தோரணை வேண்டாம். பக்கம் ஒன்றுக்கு மேற்படாமல் எழுதிக் கொடுங்கள்: இன்ன நாளிலிருந்து இந்த நடைமுறையை நிறுத்தியிருக்கிறேன், குழந்தையை மருத்துவரிடம் காட்ட அனுமதி வேண்டும், ஆற்றுப்படுத்துநரை அழைக்க வேண்டும், இவற்றை அவள் கோப்பில் பதிந்திருக்கிறேன். தேதியிட்டுக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் "பார்க்கலாம்" என்று சொல்பவர்கள் காகிதம் கையில் வந்தால் பெரும்பாலும் "சரி, செய்யுங்கள்" என்றுதான் சொல்கிறார்கள், ஏனென்றால் காகிதத்தில் மறுப்பு எழுதுவது கடினம். அதற்கும் அவர் தடை போட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் குழந்தைகள் நலக்குழுவும் இருக்கிறார்கள். அந்தச் சிறுமி இல்லத்தில் இருப்பதே நலக்குழுவின் ஆணையால்தான். அவளுக்கு நடப்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. எதுவும் நகரவில்லையென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098 பணியாளர்களுக்கும் பொருந்தும். அதைக் குழந்தைகள் மட்டும் அழைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. உங்களைவிட எனக்கு அவரைப் புரிகிறது என்று எண்ணுகிறேன், நானும் அந்தத் தலைமுறையின் ஆள். "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள்" என்று எங்களுக்குச் சொல்லித்தான் எங்களை வேலையில் சேர்த்தார்கள். அன்று இவை அநாதை இல்லங்கள். பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் போட்டு, எதிர்த்துப் பேசாமல் வளர்த்து அனுப்புவதுதான் நல்ல இல்லம். என் அனுபவத்தில், இங்கே வரும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். எஸ்டேட்டில் கொழுந்து பறித்தோ, திருப்பூர் கம்பெனியில் தைத்தோ பிழைத்துக்கொண்டு, பிள்ளையை விட வேறு இடம் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். அப்படிப் பிரிந்து வந்த பிள்ளையை வேறு விதமாகப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சட்டம் மாறியது, படிவங்கள் மாறின, சுவரில் புதிய பலகை வந்தது. இரவில் ஒருவரே முப்பத்திரண்டு பேரைப் பார்ப்பது மட்டும் மாறவில்லை. அக்காவின் கோபத்தில் ஒரு பங்கு அந்தச் சோர்வுக்கு உரியது. பதவி உங்களுக்குப் போனது இன்னொரு பங்கு. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவே மாட்டார், "மேடம்" என்றுதான் சொல்வார்.

ஆகவே அவரோடு பேசுவதற்கு அலுவலக அறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின், அடுப்படியில், அவருக்கு ஒரு டம்ளர் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். நீங்கள் முன்பு எப்படி அழைத்தீர்களோ அப்படியே அழையுங்கள். "அக்கா, தீபாவளிக்கு முன்னாடி இவ இப்படி இல்லைன்னு நீங்க சொன்னீங்களே, அது எனக்குத் தோணவே இல்லை. நீங்க கவனிச்சதாலதான் தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட அதைச் சொல்லணும், நீங்களே ஒரு வரி எழுதிக் கொடுங்க" என்று தொடங்குங்கள். அது முகத்துதி அல்ல, உண்மை. அதற்குப் பிறகு, குரலை உயர்த்தாமல், தாழ்த்தாமலும், "விரிப்பை இனிமே அவ துவைக்கக் கூடாதுக்கா. அதை நான் மாத்திக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாமல் இடையில் அவரைப் பேச விடுங்கள். அவர் பத்து நிமிடம் உங்கள் மீது குறை சொல்லலாம். சொல்லட்டும். தொட்டி விஷயத்தில் மட்டும் பேரம் கிடையாது. மறுபடி ஒருமுறை நடந்தால் எழுத்து மூலமாகப் போகும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது முதுகுக்குப் பின்னால் செய்ததாகிவிடும். மறுபடி நடந்தால், சொன்னபடியே செய்யுங்கள்.

டூட்டிப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். அக்காவுக்குத் தொடர்ந்து எத்தனை இரவுகள் விழுந்திருக்கின்றன? மூத்தவர் என்பதால் நீங்கள் பகல் டூட்டியில் தங்கிவிட்டு இரவுகளை மற்றவர்களுக்குப் பங்கிட்டிருந்தால், நீங்கள் சொல்லும் எந்த நல்ல வார்த்தையும் அங்கே எடுபடாது. பொங்கலுக்கு யார் ஊருக்குப் போவது என்ற சண்டை உங்கள் இல்லத்திலும் இந்நேரம் தொடங்கியிருக்கும். பொங்கல் இரவை நீங்களே எடுத்துக்கொண்டு, அக்காவைக் கடைசிப் பேருந்துக்கு அல்ல, மதியப் பேருந்துக்கே அனுப்பிவையுங்கள். இரவுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்ற கோரிக்கையையும் கண்காணிப்பாளருக்குத் தனியாக எழுத்தில் கொடுங்கள். ஆய்வுக் குழு வரும்போது அந்தக் காகிதம் கோப்பில் இருந்தால் அது உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்குமே உதவும்.

பிள்ளைகள் "பெரிய மிஸ்" என்று கலைந்து போவதைப் பற்றி எழுதும்போது உங்கள் கையெழுத்தே மாறியிருந்தது. அது வலிக்கத்தான் செய்யும். மருந்து இருப்பதாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். பட்டியல் போடுபவரிடமும், விடுப்பு வேண்டுமா வேண்டாமா என்று சொல்பவரிடமும் பிள்ளைகள் முன்போல ஒட்டிக்கொள்ள மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை பின்னுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, வரிசையாக, எல்லோருக்கும். தலை பின்னும்போது பிள்ளைகள் முகம் பார்க்காமல் பேசுவார்கள். வேறெங்கும் சொல்லாததை அப்போதுதான் சொல்வார்கள். அந்தச் சிறுமியைத் தனியாகச் சீராட்டாதீர்கள். அவளுக்கும் வரிசையில் ஓர் இடம், அவ்வளவே.

பழைய வேலைக்குத் திரும்பலாமா என்றால், திரும்பலாம். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை; நல்ல இல்லத்தாயாக ஓய்வு பெற்றவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் மார்ச், ஏப்ரல் தேர்வுகள் முடியும்வரை அந்த முடிவைத் தள்ளிவையுங்கள். இப்போது விலகினால் இரவுப் பதிவேடு "எல்லாக் குழந்தைகளும் நலம்" என்பதற்குத் திரும்பிவிடும், நீங்கள் அடுத்த கூடத்தில் படுத்துக்கொண்டு ஐந்து மணிக்குத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சம்பள விஷயத்தைத் தனியாக, இந்தப் பிரச்சினையோடு கலக்காமல், நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள்.

மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரத்திலேயே கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அவள் அதிகமாகத் தண்ணீர் கேட்கிறாள், மெலிந்திருக்கிறாள், சோர்ந்து கிடக்கிறாள் என்றால் வாரம் என்பதும் வேண்டாம், அன்றைக்கே. சிறுநீர்ப் பரிசோதனையோடு இரத்தச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்று அவளிடமே, தனியாக, கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். துணைக்கு அக்காவை அனுப்ப வேண்டாம், நீங்களே போங்கள். ஆனால் அவர் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரிக் காகிதம் உங்கள் கையில் இருக்கட்டும். எப்போதிலிருந்து இப்படி என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.